தண்ணி ஊத்தியாச்சா? மண்ணைப் பாத்தாச்சா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், நாற்றங்கால் நடத்தும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு "செடிக்கு எப்போ, எவ்வளவு தண்ணி ஊத்தணும்". தலைப்பை வாசிச்சதுமே பின்வரிசையில ரெண்டு மூணு பேர் சிரிச்சது காதுல விழுந்துச்சு. இதை ஒருத்தி மேடை ஏறி வேற சொல்லணுமான்னு நினைச்சிருப்பீங்க. நியாயமான சிரிப்புதான். தண்ணி சுமக்கவும் ஊத்தவும் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆனா ஒரு விஷயம். வீட்டுத் தோட்டத்துக்கும் நாற்றங்காலுக்கும் கடன் வாங்கிய குழுக்கள்ல, செடி செத்துப் போச்சுன்னு வருத்தப்படுறவங்ககிட்ட காரணம் கேட்டா, பாதிப் பேர் ஒரே பதிலைச் சொல்றாங்க. "தெரியலைக்கா, ஒரு நாள் தவறாம தண்ணி ஊத்தினோம்." அந்தப் பதிலுக்குள்ளேயே காரணம் இருக்கு. அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

ஒரு குழுவுக்கு நடந்ததைச் சொல்றேன். ஊர் பேர் வேண்டாம். மத்தவங்களுக்கு உதவட்டும்னு அவங்களே சொல்லச் சொன்னாங்க. புரட்டாசி மாசம் கறிவேப்பிலையும் மல்லிகையுமா 600 கன்று கவர்ல போட்டாங்க. உறுப்பினர் பன்னிரண்டு பேர். முறை வெச்சுக்கிட்டாங்க. காலையில ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர். ஊத்தி முடிச்சா நோட்டுல கையெழுத்து. நல்ல ஏற்பாடுதானே? ஐப்பசி பிறந்து மழை பிடிச்சுக்கிச்சு. ராத்திரி முழுக்க மழை பெய்ஞ்சிருக்கும், காலையில முறைக்காரங்க குடத்தோட வந்து நிப்பாங்க. மண்ணு ஈரமா இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா நோட்டுல அந்த இடம் காலியா இருந்தா, "இவ முறைக்கு ஊத்தலை"ன்னு பேர் வந்துடுமே. அந்தப் பேருக்குப் பயந்து ஊத்தினாங்க.

கார்த்திகையில இலை மஞ்சளாச்சு, கன்று வாடுச்சு. வாடுதேன்னு இன்னும் ஒரு செம்பு கூட ஊத்தினாங்க. கவரைக் கிழிச்சுப் பார்த்தா வேர் கருத்து, கொழகொழன்னு, சாக்கடை நாத்தம். 600-ல 400 கன்று போச்சு. கன்று 20 ரூபாய்னாலும் 8,000 ரூபாய். வங்கித் தவணை அதுக்காக நிக்குமா? நூறு நாள் வேலைக் கூலியில இருந்தும், சீட்டுப் பணத்துல இருந்தும் எடுத்துக் கட்டினாங்க. சோம்பேறித்தனத்தால வந்த நஷ்டமா இருந்தா வருத்தம் இல்லை. இது கடமை தவறாம உழைச்சதுனால வந்த நஷ்டம். அதான் மனசு ஆறலை.

அந்தக் கன்றுகளுக்கு என்ன ஆச்சு? வேரும் மூச்சு விடும். மண்ணுல கண்ணுக்குத் தெரியாத சந்து பொந்து நிறைய இருக்கு. அதுல கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் காத்து ரெண்டும் இருக்கணும். நாம ஊத்திக்கிட்டே இருந்தா எல்லாச் சந்துலயும் தண்ணி நிறைஞ்சு, காத்து வெளியே போயிடும். மூச்சு முட்டின வேர் அழுகும். அழுகின வேரால தண்ணியை உறிஞ்ச முடியாது. அதனால சுத்தி ஈரம் இருந்தும் செடி மேல வாடும். தாகத்துல வாடுறதும், தண்ணி மிஞ்சி வாடுறதும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் மண்ணைத் தொட்டாத்தான் தெரியும். மண்ணு காஞ்சு செடி வாடினா தண்ணி கொடுங்க. மண்ணு ஈரமா இருந்து செடி வாடினா செம்பைக் கீழே வைங்க.

இன்னொண்ணு. சித்திரை வெயில் உச்சியில கத்தரி, பூசணி, செம்பருத்தி இலையெல்லாம் தொங்கும். உடனே பதறாதீங்க. வேர் உறிஞ்சுறதைவிட இலை வேகமா ஆவியாக்குது, அவ்வளவுதான். வெயில் இறங்கினதும் தானா நிமிர்ந்தா அதுக்குத் தாகம் இல்லை. மறுநாள் விடியக்காலையிலயும் தொங்கிக்கிட்டே இருந்தாத்தான் மண்ணைப் பாக்கணும்.

மண்ணைப் பாக்குறதுக்கு மீட்டர் எதுவும் வாங்க வேண்டாம். நாலு வழி இருக்கு.

முதல் வழி, விரல். ஆள்காட்டி விரலை ரெண்டு கணு ஆழத்துக்கு மண்ணுல விடுங்க. மேல் மண்ணு காஞ்சிருக்கும், அதை நம்பாதீங்க. உள்ளே சில்லுன்னு இருந்து விரல்ல மண்ணு ஒட்டினா இன்னைக்கு வேண்டாம். தென்னை நார்க்கழிவு கலந்த தொட்டிக்கு இது ரொம்ப முக்கியம். நார்க்கழிவு மேலே வெளுத்துப் போய்க் கிடக்கும், உள்ளே சொதசொதன்னு இருக்கும்.

ரெண்டாவது, எடை. தண்ணி ஊத்தினதும் தொட்டியையோ கவரையோ ஒரு தடவை தூக்கிப் பாருங்க. மறுநாளும் அடுத்த நாளும் தூக்கிப் பாருங்க. ஒரு வாரத்துல கைக்குக் கணக்குப் பிடிபட்டுடும். அரிசி மூட்டையைத் தூக்கியே எத்தனை கிலோன்னு சொல்றவங்க நாம.

மூணாவது, மண் தொட்டியா இருந்தா விரல் மடக்கித் தட்டுங்க. காஞ்ச தொட்டி கணீர்னு கேட்கும். ஈரத் தொட்டி மொத்துன்னு கேட்கும். சந்தையில பானை வாங்குறப்போ தட்டிப் பாக்குற அதே கைதான்.

நாலாவது, தரையில இருக்கிற செடிக்கு. நாலு அங்குலம் தோண்டி ஒரு பிடி மண்ணு எடுத்து உருண்டை பிடிங்க. பிடிக்கவே வராம உதிர்ந்தா தண்ணி வேணும். உருண்டை நின்னு, கை சுத்தமா இருந்தா ஈரம் சரி. கையில சேறா அப்பினா ரெண்டு மூணு நாளைக்கு அந்தப் பக்கமே போகாதீங்க.

இனி எவ்வளவுன்னு பாப்போம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிக்கிறது நம்ம பழக்கம். அது மேல் ரெண்டு அங்குலத்தை நனைச்சுட்டு வெயில்ல போயிடும். வேர் ஈரத்தைத் தேடித்தான் போகும். மேல மட்டும் ஈரம் இருந்தா வேரும் மேலயே நிக்கும். ஒரு நாள் நீங்க ஊருக்குப் போனா செடி அன்னைக்கே சுருண்டுடும். அதனால, ஊத்துற அன்னைக்கு நல்லா ஊத்துங்க, அடி ஓட்டை வழியா லேசா வடியுற வரைக்கும். வடிஞ்சதும் நிறுத்திடுங்க. அப்புறம் மண்ணு கேக்குற வரைக்கும் விட்டுடுங்க.

அளவு சொல்லணும்னா, 10 அங்குலத் தொட்டிக்கு ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டர் போதும். பெரிய கறிவேப்பிலைத் தொட்டின்னா 3 லிட்டர் வரை பிடிக்கும். ரொம்பக் காஞ்சு போன தொட்டியில ஊத்தின தண்ணி மண்ணுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற இடுக்கு வழியா ஓடிடும். நீங்க வடிஞ்சுடுச்சுன்னு நினைப்பீங்க, நடு மண்ணு நனைஞ்சே இருக்காது. அதுக்கு முதல்ல அரைச் செம்பு ஊத்தி, அஞ்சு நிமிஷம் விட்டு, பிறகு மிச்சத்தை ஊத்துங்க.

தரையில 3 அடிக்கு 3 அடி காய்கறிப் பாத்தி, கோடையில ஒரு நாளைக்கு 4, 5 லிட்டர் குடிக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள்னா 8-ல இருந்து 10 லிட்டர். ஒரு சென்ட் முழுக்கக் காய்கறி போட்டா, கடுங்கோடையில நாளைக்கு 200 லிட்டர் வரைக்கும் போகும். ஒரு சென்ட் போட ஆசைப்படுறவங்க, வெயில் காலத்துல அத்தனை தண்ணி எங்கிருந்து வரும்னு முதல்ல வீட்டுல உட்கார்ந்து பேசிட்டு அப்புறம் கடனுக்கு விண்ணப்பம் எழுதுங்க. குழாய்த் திட்டத்துல ஒரு ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர்னுதான் கணக்கு. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதுக்குள்ள.

இப்போ நம்ம இடுப்புக் கணக்குக்கு வர்றேன். வீட்டுல 20 தொட்டி. காலையும் மாலையும் ஆளுக்கொரு லிட்டர் மாதிரி தொட்டிக்கு ஒரு லிட்டர்னா 40 லிட்டர். நம்ம பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர். ஏறக்குறைய மூணு குடம். அதே 20 தொட்டிக்கு மண்ணைப் பார்த்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்றரை லிட்டர்னா, ரெண்டு நாளைக்கு 30 லிட்டர். நாளுக்கு ஒரே ஒரு குடம். தினம் ரெண்டு குடம் மிச்சம். அந்த ரெண்டு குடத்தை யார் தூக்குறாங்கன்னு யோசிங்க. நாம தூக்குறோம். இல்லேன்னா பள்ளிக்கூடம் கிளம்புற நம்ம பிள்ளை தூக்குது. தெருக்குழாய்ல அந்த ரெண்டு குடத்துக்காக வரிசையில நிக்கிற நேரமும் நம்ம நேரம்தான்.

இந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் எல்லா மாசத்துக்கும் ஒண்ணா இருக்காது. மண்ணு மாறும். நம்ம விருதுநகர் மாவட்டத்துலயே சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல். மலையடிவாரம் பக்கம் போனா செம்மண்ணு. கரிசல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். அதுக்கு நிறைய ஊத்தி, நாள் இடைவெளி விடணும். செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் தண்ணியைச் சீக்கிரம் கீழே விட்டுடும். அதுக்குக் குறைச்சு ஊத்தி, அடிக்கடி ஊத்தணும். உங்க அண்ணி ஊர்ல நாலு நாளைக்கு ஒரு தடவைன்னா, உங்க ஊர்லயும் அதுவேன்னு எடுத்துக்காதீங்க.

பாத்திரமும் மாறும். மண் தொட்டியோட சுவரே தண்ணியைக் குடிச்சு வெளியே விடும், சீக்கிரம் காயும். பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தைப் பூட்டி வைக்கும். ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒரே அளவு ஊத்தினா ஒண்ணு காயும், ஒண்ணு அழுகும். சின்னத் தொட்டி பெரிய தொட்டியைவிட வேகமாக் காயும். மொட்டை மாடியில தளத்துச் சூடு அடியில இருந்து ஏறும், ரெண்டு செங்கல் வெச்சு அது மேல தொட்டியை வைங்க. ஓட்டையும் அடைக்காது.

மாசமும் மாறும். பங்குனியில இருந்து வைகாசி வரைக்கும் தொட்டிக்குத் தினம் ஒரு தடவை தேவைப்படலாம். சின்னத் தொட்டிக்கு ரெண்டு தடவைகூட. ஆடி மாசம் வானம் மூடிக் கிடக்கும், வெயில் இல்லைன்னு நினைப்போம், ஆனா ஆடிக் காத்து மண்ணை உறிஞ்சிடும். அப்போ கவனம் வேணும். நம்ம மாநிலத்து மழையில ஏறக்குறைய பாதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள பெய்ஞ்சுடுது. அந்த மூணு மாசத்துல, தண்ணி ஊத்துறதைவிட வடிய வைக்கிறதுதான் வேலை. தொட்டி ஓட்டையைக் குச்சி விட்டுக் குத்தி விடுங்க. தட்டு இருந்தா எடுத்துடுங்க. மார்கழிப் பனியில செடி மெதுவாத்தான் குடிக்கும்.

நேரம்னா விடியக்காலை நல்லது. எட்டு மணிக்குள்ள முடிச்சுடுங்க. முடியாதவங்க வெயில் தாழ்ந்த பிறகு ஊத்தலாம், ஆனா ரோஜா மாதிரிச் செடிக்கு இலை மேல படாம அடியில ஊத்துங்க. ராத்திரி முழுக்க இலை நனைஞ்சு கிடந்தா கரும்புள்ளி வரும். உச்சிவெயில்ல ரப்பர் குழாய்ல தங்கின தண்ணி கொதிக்கும். கையில பட்டாலே சுடும், வேர் என்ன பண்ணும்?

செடிக்குச் செடி குணம் வேற. புதினா, கீரை, வெண்டை ஈரம் விரும்பும். தக்காளிக்கு ஒழுங்கு வேணும். ஒரு வாரம் காயப் போட்டுட்டு ஒரே நாள்ல வெள்ளமா விட்டா பழம் வெடிக்கும், காய் நுனி கருகும். முருங்கை, கறிவேப்பிலை, கற்றாழைக்குத் தண்ணி தேங்கவே கூடாது. காகிதப்பூவைக் கொஞ்சம் காயப் போட்டாத்தான் பூக்கும். மல்லிகைக்குக் கவாத்துக்கு முன்னால தண்ணியைக் குறைச்சு, கவாத்து முடிச்சு உரம் வெச்சதும் தண்ணி விட்டா துளிர் நல்லா வரும். துளசிக்கு தினமும் காலையில ஊத்துற வழக்கம் இருக்கும். விட வேண்டாம். ஒரு கை தண்ணி போதும், மாடத்துல அடி ஓட்டை இருக்கான்னு மட்டும் பாருங்க. குழித்தட்டு நாத்துக்குச் செம்புல ஊத்தாதீங்க, பூவாளிதான். அதுவும் காலையில. சாயங்காலம் சேறா வெச்சா தண்டு அடியிலேயே அழுகி நாத்து சாஞ்சுடும்.

தரையில இருக்கிற மரத்துக்குத் தூர்ல ஊத்துறது வீண். தண்ணி குடிக்கிற வேரெல்லாம் கிளை நிழல் விழுற ஓரத்துல இருக்கு. அங்கே வட்டமாப் பாத்தி எடுங்க. தென்னைக்குத் தூர்ல இருந்து 6 அடி வரைக்கும். ஊத்தின ஈரத்தைக் காப்பாத்த மூடாக்கு போடுங்க. காஞ்ச இலை, வைக்கோல், கரும்புச் சோகை எதுவானாலும் ரெண்டு மூணு அங்குலம். தண்டை ஒட்டாம கொஞ்சம் தள்ளி. தேங்காய் உரிமட்டை கிடைச்சா குழிவான பக்கம் கீழ பாக்குற மாதிரி அடுக்குங்க. காசில்லாத சேமிப்பு இது.

முன்வரிசையில ஒரு அக்கா கை தூக்குறாங்க. சொல்லுங்கக்கா. கழுவின தண்ணி ஊத்தலாமான்னு கேக்குறாங்க. அரிசி, பருப்பு, காய் கழுவின தண்ணி தாராளமா ஊத்தலாம், அன்னைக்கே ஊத்திடுங்க, புளிக்க விடாதீங்க. குளிச்ச தண்ணி வாழைக்கும் தென்னைக்கும் கல்வாழைக்கும் போகட்டும். கீரைக்கும் தொட்டிக்கும் வேண்டாம். துணி சோப்புத்தூள், பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணி எதுக்கும் வேண்டாம்.

நம்ம ஆழ்துளைத் தண்ணி உப்பா இருக்கே, என்ன செய்யன்னு இன்னொரு தங்கச்சி கேக்குறாங்க. தொட்டி ஓரத்துல வெள்ளைப் பூப் பூத்து, இலை ஓரம் கருகினா அது உப்பு. அதுக்கு அரையும் குறையுமா ஊத்துறது இன்னும் கெடுதல், உப்பு அங்கேயே தங்கும். மாசத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணியோ மழைத் தண்ணியோ நிறைய ஊத்தி அடி வழியா வடிய விடுங்க. வீட்டுல குடிதண்ணி சுத்தம் பண்ற மெஷின் இருந்தா, அதுல கழியுற தண்ணியில உப்பு அதிகம். அதை வீடு துடைக்க வெச்சுக்கோங்க, தொட்டிக்கு வேண்டாம்.

தொட்டிக்கு அடியில வைக்கிற தட்டைப் பத்தி நான் கேக்காமலே சொல்றேன். டெங்கு கொசுவுக்கு அந்தத் தட்டுத் தண்ணி போதும். முட்டையில இருந்து கொசு பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான். ஊத்தின அரை மணி நேரத்துல தட்டைக் கவுத்துடுங்க. தட்டுல தண்ணி நின்னா வேரும் அழுகும், வீட்டுல பிள்ளைக்கும் காய்ச்சல் வரும்.

நிலம் வெச்சிருக்கிறவங்க சொட்டுநீர் பத்திக் கேளுங்க. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மத்தவங்களுக்கு 75 சதவீதமும் மானியம் கொடுத்துட்டு வர்றாங்க. நம்ம வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துல விவரம் கிடைக்கும். பட்டா யார் பேர்ல இருக்குன்னு அங்கே கேப்பாங்க. அது உங்க பேர்ல இருக்கான்னு நீங்களும் ஒரு தடவை பாத்துக்கோங்க.

கடைசியா, கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். நாற்றங்கால் வெச்சிருக்கிற குழுக்கள்கிட்ட ஒரு முறை நோட்டு இருக்கு. அதுல "தண்ணி ஊத்தியாச்சா"ன்னு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை மாத்தி "மண்ணைப் பாத்தாச்சா"ன்னு போடுங்க. பக்கத்துல இன்னொரு கட்டம்: காய்வு, ஈரம், சேறு. மூணுல ஒண்ணு. கையெழுத்துப் போடுறவங்க மண்ணைத் தொட்டுப் பாத்திருக்கணும். "ஈரம், ஊத்தலை"ன்னு எழுதினவங்களும் முறை செஞ்சவங்கதான். அவங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. 400 கன்று இழந்த அந்தக் குழு இப்போ இப்படித்தான் எழுதுறாங்க. போன கார்த்திகையில தொடர்ந்து ஒன்பது நாள் "ஈரம், ஊத்தலை"ன்னு எழுதியிருந்ததை நான் பாத்தேன். கன்று எல்லாம் நிக்குது.

நம்பிக்கை வராதவங்க ஒரு சோதனை செய்ங்க. ஒரே அளவுல ரெண்டு தொட்டி, ஒரே நாத்து. ஒண்ணுக்கு உங்க பழக்கப்படி ஊத்துங்க. இன்னொண்ணுக்கு விரலை விட்டுப் பாத்து ஊத்துங்க. ரெண்டுக்கும் எத்தனை செம்புன்னு கோடு போட்டு வைங்க. ஒரு மாசம் கழிச்சு ரெண்டு தொட்டியையும் குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. எந்தச் செடி நல்லா இருக்கு, எத்தனை குடம் மிச்சம்னு பத்துப் பேர் கண்ணால பாத்துச் சொல்லட்டும். அதைத் தீர்மான நோட்டுல எழுதிக்கலாம்.

வெளியே பந்தல் ஓரத்துல நாத்துத் தட்டு வெச்சிருக்கேன், ஆளுக்கு ரெண்டு கத்தரி நாத்து எடுத்துட்டுப் போங்க. இன்னைக்குக் காலையிலதான் தண்ணி காட்டியிருக்கு. வீட்டுக்குப் போனதும் நட்டு உயிர்த்தண்ணி விடுங்க. அதுக்கப்புறம் தொட்டுப் பாத்துட்டு ஊத்துங்க.